தாத்தா வாங்கிய நிலமெல்லாம் பூர்வீகச் சொத்து ஆகிவிடுமா?

திருச்சி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எட்டுப் பக்கங்களுக்கு எழுதியிருக்கிறார். ஊர், பெயர் ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டு அவருடைய கேள்வியின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் 1965இல் பிறந்த மூத்த மகள். அவருக்கு இரண்டு தம்பிகள், ஒரு தங்கை. திருமணம் 1986இல் முப்பது பவுன் நகையோடு நடந்தது. தங்கைக்கு 1994இல் திருமணமானது. ஆசிரியராக இருந்த தந்தை 2003இல் காலமானார். தாய்க்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. இளைய தம்பி 2019இல் மனைவியையும் ஒரு மகளையும் விட்டுவிட்டு இறந்துபோனார். குடும்பத்துக்கு மூன்று சொத்துகள் உண்டு. முதலாவது, வாய்க்கால் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் வயல். தாத்தா, தந்தை, சித்தப்பா மூவரும் 1974இல் பதிவு செய்துகொண்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தின்படி இது தந்தையின் பாகத்துக்கு வந்தது. இரண்டாவது, நான்கரை ஏக்கர் மேட்டுக்காடு. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த தாத்தா தம் சம்பளச் சேமிப்பில் 1952இல் வாங்கியது. பாட்டி 1978இலும் தாத்தா 1981இலும் இறந்தபின், சித்தப்பா 1983இல் தம் உரிமையை அண்ணனுக்குப் பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தின் மூலம் விட்டுக்கொடுத்தார். மூன்றாவது, துறையூரில் தந்தை 1990இல் மனை வாங்கிக் கட்டிய வீடு.

1998இல் தந்தை வயலையும் மேட்டுக்காட்டையும் இரு மகன்களுக்கும் வாய்மொழியாகப் பிரித்து, யாருக்கு எந்தப் பாகம் என்று காட்டும் பதிவு செய்யாத குறிப்பான கூர்ச்சீட்டு ஒன்றை எழுதிவைத்தாராம். அதைக் காட்டி 2006இல் பட்டா தம்பிகள் பெயருக்கு மாறியது. பயிர்க்கடனுக்கு வேண்டும் என்று சொல்லி 2007இல் இரு சகோதரிகளிடமும் இருபது ரூபாய் முத்திரைத்தாளில், ‘எங்களுக்கு இச்சொத்தில் பாத்தியதை இல்லை’ என்று கையெழுத்து வாங்கப்பட்டது. மூத்த தம்பி 2016இல் வயலில் ஐம்பது சென்ட்டை விற்றார். தந்தை 2001இல் எழுதியதாகச் சொல்லப்படும் பதிவு செய்யாத உயில் ஒன்று 2018இல் வெளிவந்தது. அதில் துறையூர் வீடு மூத்த தம்பிக்கு மட்டும் என்று இருக்கிறது. 2023இல் வாசகி நேரில் போய்ப் பங்கு கேட்டபோது, “1989க்கு முன்னால் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குச் சட்டத்தில் பங்கு கிடையாது; சீர் செய்தாயிற்று” என்று பதில் வந்திருக்கிறது.

அவருடைய கேள்விகள் நான்கு. பூர்வீகச் சொத்தில் நான்கில் ஒரு பங்கு தமக்கு உண்டா? மூவருக்கும் மூத்தவராக இருக்கும் தாம் வழக்குப் போடுவது தவறா? பிள்ளைகளுக்குப் பங்கிருக்கையில் தந்தை உயில் எழுதியது செல்லுமா? தாம் கோர்ட்டுக்குப் போகத் தயங்கினால், தம் மகன் பேரன் என்ற முறையில் வழக்குப் போடலாமா?

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் ‘பூர்வீகச் சொத்து’ என்ற தொடர் பதினோரு இடங்களில் வருகிறது. மூன்று சொத்துகளையும் அந்த ஒரே பெயரால் நீங்களும் அழைக்கிறீர்கள், உங்கள் தம்பியும் அழைக்கிறார். உங்கள் இருவருக்குமிடையே நடக்கும் சண்டையில் பாதி இந்தச் சொல்லால் வந்தது என்பேன். ஊர் வழக்கில் தாத்தா காலத்திலிருந்து வருவதெல்லாம் பூர்வீகம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அந்த நிலம் யார் கையிலிருந்து, எந்த ஆண்டில், எந்த வழியாக உங்கள் தந்தையின் கைக்கு வந்தது என்றுதான் அது கேட்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டால் உங்கள் மூன்று சொத்துகளும் மூன்று தனித்தனிப் பதில்களைத் தருகின்றன. அவற்றில் ஒரு பதில் உங்களுக்கே கொஞ்சம் கசக்கும். அதையும் மறைக்காமல் சொல்லப்போகிறேன்.

வழக்குப் போடுவது தவறா என்ற கேள்விக்கு மட்டும் நான் வழக்கறிஞராகப் பதில் சொல்ல முடியாது. சீர்வரிசை சொத்துப் பங்குக்கு ஈடாகாது என்று சட்டமாகச் சொல்ல முடியும். முப்பது பவுனை வாங்கிக்கொண்டு உங்கள் பங்கை எழுதிக்கொடுத்த பதிவுப் பத்திரம் எதுவும் இல்லாதவரை, அந்த நகை பெற்றோர் மகளுக்குப் பிரியமாகச் செய்தது, அவ்வளவுதான்.

மேட்டுக்காடு

சிக்கல் அதிகமுள்ள சொத்திலிருந்தே தொடங்குகிறேன். மேட்டுக்காட்டை உங்கள் தாத்தா தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கினார். அது அவருடைய தனிச்சொத்து. அவர் 1981இல், அதாவது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து கால் நூற்றாண்டு ஆன பிறகு, உயில் எழுதாமல் இறந்தார். அப்படிப்பட்ட சொத்து அச்சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். மகனும் மகளும் மனைவியும் தாயும் அந்த வகுப்பில் வருவார்கள். இப்படி 8ஆம் பிரிவின் வழியாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் சொத்து அந்த மகனின் தனிச்சொத்துதானே தவிர, அவனுடைய பிள்ளைகளுக்குப் பிறப்பாலேயே உரிமை தரும் கூட்டுக்குடும்பச் சொத்து ஆகாது. 1986இல் உச்ச நீதிமன்றம் சந்தர் சென் வழக்கில் இதைச் சொன்னது; சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அதற்கு முன்பே இதே கருத்தைக் கொண்டிருந்தது. ‘தாத்தா சொத்து பேரனுக்கு’ என்று கிராமத்தில் சொல்வது இங்கே எடுபடாது.

இதனால் உங்களுக்கு என்ன நன்மை என்று கேட்பீர்கள். 1989ஆம் ஆண்டுக் கணக்குக்கே மேட்டுக்காட்டில் இடமில்லை. அந்தத் தேதியெல்லாம் கூட்டுக்குடும்பச் சொத்தில் பெண்ணுக்குப் பிறப்புரிமை உண்டா என்ற கேள்வியைச் சார்ந்தது. தந்தையின் தனிச்சொத்தில் மகளுக்கு 1956 முதலே மகனுக்குச் சமமான பங்கு உண்டு. அவளுக்குக் கல்யாணம் ஆயிற்றா, எந்த ஆண்டில் ஆயிற்று என்று யாரும் கேட்க முடியாது. 1998ஆம் ஆண்டுக் கூர்ச்சீட்டும் இந்த நிலத்தைப் பொறுத்தவரை வெறும் காகிதம். தந்தை தம் தனிச்சொத்தைத் தம் காலத்தில் மகன்களுக்குக் கொடுக்க நினைத்திருந்தால் பதிவு செய்த தான செட்டில்மெண்ட் பத்திரம் எழுதியிருக்க வேண்டும். பங்கே இல்லாதவர்களுக்குள் ‘பாகம்’ பிரிக்க முடியாது. எனவே 2003இல் உங்கள் தந்தை இறந்தபோது மேட்டுக்காட்டில் அவருக்கு இருந்த உரிமை ஐந்து சம பங்குகளாகியது: தாய், நீங்கள், தங்கை, இரு தம்பிகள்.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். ‘அவருக்கு இருந்த உரிமை’ என்று எழுதினேன், ‘மேட்டுக்காடு முழுவதும்’ என்று எழுதவில்லை. உங்கள் கடிதத்தின் ஆறாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: “அப்பாவுக்கு ஒரு அக்காவும் உண்டு, அத்தை 2010இல் இறந்துவிட்டார், அவர் மகன்கள் லால்குடி பக்கம் இருக்கிறார்கள்.” 1981இல் தாத்தாவுக்கு இரு மகன்களும் ஒரு மகளும் வாரிசுகள். சித்தப்பா தம் மூன்றில் ஒரு பங்கை விடுதலைப் பத்திரத்தில் உங்கள் தந்தைக்கு விட்டார். அத்தை எதிலும் கையெழுத்திடவில்லை என்கிறீர்கள். ஆகவே உங்கள் தந்தைக்கு மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. மீதம் மூன்றில் ஒன்று, அதாவது 450 சென்ட்டில் 150 சென்ட், அத்தையுடையது. இன்று அவர் மகன்களுடையது. உங்களுக்குரியது 90 சென்ட் அல்ல, 60 சென்ட்.

‘நாற்பது வருடமாக அவர்கள் கேட்கவே இல்லையே’ என்று உங்களுக்குத் தோன்றும். உங்கள் தம்பி உங்களைப் பார்த்துச் சொல்வதும் அதேதான். ஒரு பங்குதாரரின் அனுபவம் மற்றப் பங்குதாரர்களுக்காகவும் வைத்திருக்கும் அனுபவமாகவே கருதப்படும். ‘உனக்கு உரிமை இல்லை’ என்று வெளிப்படையாக மறுத்து, அது மற்றவருக்குத் தெரிந்து, அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தால்தான் உரிமை அழியும். இந்த விதியைத்தான் நீங்கள் உங்கள் தம்பிக்கு எதிராகப் பயன்படுத்தப் போகிறீர்கள். அத்தை மகன்களுக்கு மட்டும் அது பொருந்தாது என்று நீதிமன்றத்தில் நின்று சொல்ல முடியாது. பாகப்பிரிவினை வழக்கில் எல்லாப் பங்குதாரர்களும் தரப்பினராக இருக்க வேண்டும் என்பதால், அவர்களைச் சேர்க்காமல் வழக்குப் போட்டால் அந்தக் குறையைக் காட்டியே எதிர்த்தரப்பு அதைச் சாய்க்கப் பார்க்கும்.

வயல்

வயலின் கதை வேறு. 1974ஆம் ஆண்டுப் பத்திரத்தின் நகலை அனுப்பியிருந்தீர்கள், நல்லதாயிற்று. ‘எங்கள் முன்னோர் வழி வந்து பொதுவில் அனுபவித்து வரும்’ என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. கூட்டுக்குடும்பப் பாகப்பிரிவினையில் ஒருவர் கைக்கு வரும் நிலம் அவருடைய பிள்ளைகளைப் பொறுத்துக் கூட்டுக்குடும்பச் சொத்தாகவே தொடரும். உண்மையான பொருளில் பூர்வீகச் சொத்து என்றால் உங்களுக்கு இது ஒன்றுதான். 1989ஆம் ஆண்டுக் கேள்வி இங்கேதான் வருகிறது.

தமிழ்நாடு அரசு மத்தியச் சட்டத்துக்கு முன்பே, 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் மூலம் மகள்களையும் கூட்டுக்குடும்பச் சொத்தின் பங்காளிகள் ஆக்கியது. ஊர்ப் பேச்சில் ‘பங்காளி’ என்ற சொல்லுக்குப் பெண்பால் கிடையாது. அதைச் சட்டம் தந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணமான மகள்களை அது விலக்கியது. உங்கள் தங்கை உள்ளே, நீங்கள் வெளியே. உங்கள் தம்பிக்கு யோசனை சொன்னவர் அத்தோடு நின்றுவிட்டார்.

2005 செப்டம்பர் 9 முதல் மத்திய அரசின் திருத்தச் சட்டம் வந்தது. அது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவை மாற்றி, மகனைப் போலவே மகளும் பிறப்பால் பங்காளி என்று சொன்னது. அதில் திருமணத் தேதி பற்றிய நிபந்தனை இல்லை. பின்னர் வந்த மத்தியச் சட்டத்தோடு பொருந்தாத மாநில விலக்கு நிற்காது என்பதே நீதிமன்றங்கள் எடுத்துவரும் நிலை. உங்கள் தம்பிக்கு இன்னொரு வாதமும் இருக்கும்: தந்தை 2003இலேயே இறந்துவிட்டார், 2005இல் உயிரோடு இல்லை. 2015இல் பூலாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்தை அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால், சில ஆண்டுகள் அந்த வாதத்துக்கு மதிப்பு இருந்தது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றியது. உரிமை பிறப்பால் வருகிறது, எனவே தந்தை 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்பது இன்றைய நிலை. அதற்கு முந்தைய தீர்ப்பைப் படித்துவிட்டு இன்றும் யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனாலும் 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாக நடந்து முடிந்த பாகப்பிரிவினைகளையும் விற்பனைகளையும் புதிய சட்டம் தொடாது. கூர்ச்சீட்டில் 1998 என்று போட்டிருப்பதை உங்கள் தம்பி இங்கே பிடித்துக்கொள்வார். அவருடைய வழக்கில் வலுவான இடம் இது ஒன்றுதான் என்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள். சட்டம் இங்கே ‘பாகப்பிரிவினை’ என்று சொல்வது பதிவு செய்த பத்திரத்தையோ நீதிமன்றத் தீர்ப்பாணையையோ மட்டும்தான். வினீதா சர்மா தீர்ப்பு ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. வாய்மொழிப் பாகம் உண்மையிலேயே நடந்தது என்பதை அன்றைய அரசு ஆவணங்கள் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டினால், அரிதாக அதை ஏற்கலாம். வெறும் வாய்ச்சாட்சியம் போதாது. உங்கள் விஷயத்தில் பட்டா மாறியது 2006இல். 1998க்கும் 2004க்கும் இடையில் தனித்தனிப் பட்டாவோ, தனித்தனி வரி ரசீதோ, தனித்தனியாக எடுத்த பயிர்க்கடனோ இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அப்படி எதுவும் இல்லை என்கிறீர்கள். ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். இருந்தால் வயலில் உங்கள் நிலை பலவீனமாகும். மேட்டுக்காட்டில் ஒன்றும் ஆகாது.

கூர்ச்சீட்டு விழுந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும். தந்தையும் நான்கு பிள்ளைகளும் சேர்த்து ஐந்து பங்காளிகள், ஆளுக்கு ஐந்தில் ஒன்று. தந்தையின் ஐந்தில் ஒரு பங்கு தாய்க்கும் நான்கு பிள்ளைகளுக்கும் ஐந்தாகப் பிரியும். எனவே ஒவ்வொரு பிள்ளைக்கும் 25இல் 6 பங்கு, தாய்க்கு 25இல் 1 பங்கு. 240 சென்ட் வயலில் உங்களுக்கு 57.6 சென்ட், தாய்க்கு 9.6 சென்ட். நான்கில் ஒன்று என்று நீங்கள் எழுதியபோது அம்மாவை மறந்துவிட்டீர்கள். இறந்துபோன தம்பியின் பங்கில் பெரும்பகுதி அவர் மகளுக்குப் போகும். அவர் மனைவிக்கும் உங்கள் தாய்க்கும் அதில் உரிமை உண்டு. உங்கள் தம்பி மனைவி இந்தச் சண்டையில் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு பெண் குழந்தையை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கும் அவருக்கு, மகளுக்கும் பங்குண்டு என்ற உங்கள் வாதம் தீங்கு செய்யாது என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

துறையூர் வீடு

இங்கே உங்கள் எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்குப் பங்கிருக்கையில் தந்தை உயில் எழுத முடியாது என்பது சரியல்ல. தம் சம்பளத்தில் வாங்கிய மனையையும் கட்டிய வீட்டையும் அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம்; ஒரு பிள்ளையை மட்டும் தேர்ந்தெடுக்கலாம்; பிள்ளைகளே அல்லாதவருக்கும் கொடுக்கலாம். கூட்டுக்குடும்பச் சொத்தில் தமக்குள்ள பங்கைக்கூட அதே சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி உயிலில் எழுத அவருக்கு உரிமை இருந்தது. உயில் வயலைத் தொடவில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம். உயில் பதிவாகவில்லை என்பதும் குற்றம் அல்ல. உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை.

ஆனால் உயிலைக் காட்டுபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். எழுதியவர் கையெழுத்திட்டதைப் பார்த்து, அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட்ட இரண்டு சாட்சிகள் இருக்க வேண்டும். அவர்களில் உயிரோடிருக்கும் ஒருவராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். ஐயத்துக்கிடமான சூழல்கள் இருந்தால் அவற்றை விலக்கும் பொறுப்பும் உயிலைக் கொண்டுவருபவருடையதே. உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட சூழல்கள் சில தெரிகின்றன. 2000ஆம் ஆண்டில் பக்கவாதம் வந்து தந்தையின் வலக்கை செயலிழந்திருந்தது என்கிறீர்கள். உயில் அவர் இறந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து வெளிவந்திருக்கிறது. இரு சாட்சிகளில் ஒருவர் தம்பியின் மைத்துனர், மற்றவர் இறந்துவிட்டார். தாயைப் பற்றியும் மகள்களைப் பற்றியும் உயிலில் ஒரு சொல்லும் இல்லை. இவற்றில் எதுவும் தனியாக உயிலைக் கொன்றுவிடாது. எல்லாம் சேர்ந்தால் நீதிபதி கூர்ந்து பார்ப்பார். தந்தையின் மருத்துவச் சீட்டுகள், 2000க்குப் பிறகு ஓய்வூதியத்துக்காக அவர் வங்கியில் இட்ட கையெழுத்தோ கைநாட்டோ கிடைத்தால் அவை ஆயிரம் வாதங்களுக்குச் சமம்.

உயில் நிற்காவிட்டால் வீடு ஐந்து சம பங்கு. ‘ஆண்கள் முன்வந்தால்தான் குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கலாம்’ என்று முன்பு இருந்த 23ஆம் பிரிவை 2005ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. உயில் நின்றுவிட்டால் வீடு தம்பிக்கு. அந்தச் சாத்தியத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டே பேச்சுக்கு உட்காருங்கள்.

கையெழுத்துப் போட்ட காகிதமும் விற்ற துண்டும்

2007ஆம் ஆண்டுக் காகிதத்தை நினைத்து நீங்கள் தூக்கம் இழந்திருக்கிறீர்கள். நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஆவணம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவாகாத அந்தத் தாள் உங்கள் உரிமையை எடுத்துவிடாது. ஆனால் அது முற்றிலும் ஆபத்தில்லாதது என்றும் நான் சொல்ல மாட்டேன். ‘2007லேயே உங்களுக்கு உரிமை மறுக்கப்பட்டது தெரியும், பன்னிரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன, வழக்கு காலாவதி’ என்று வாதாட அது உதவும். பயிர்க்கடனுக்காகக் கேட்டார்கள், அதன் பிறகும் அறுவடைக்கு நெல் மூட்டை வந்தது, 2023இல்தான் முதன்முதலாக மறுத்தார்கள் என்பதை நீங்கள் காட்ட வேண்டும். 2022 வரை தம்பி நெல் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். லாரி வாடகை ரசீதோ, தொலைபேசியில் வந்த செய்தியோ இருந்தால் அழிக்காதீர்கள்.

விற்ற ஐம்பது சென்ட்டைப் பற்றி: 2016இல் நடந்த விற்பனை என்பதால் 2004ஆம் ஆண்டுப் பாதுகாப்பு அதற்குக் கிடையாது. ஒரு பங்குதாரர் தம் பங்கை மட்டுமே விற்க முடியும். குடும்பத் தலைவர் என்ற முறையில் குடும்பத்தின் அவசியத் தேவைக்காக விற்றேன் என்று தம்பி சொல்லலாம். தம் மகனின் கல்லூரிச் செலவுக்கு விற்றதை உங்கள் எல்லோருக்குமான தேவை என்று காட்டுவது கடினம். வாங்கியவரை வெளியேற்ற வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தம்பிக்கே வயலில் 57.6 சென்ட் வருகிறது, விற்றது ஐம்பது. அந்தத் துண்டை அவருடைய பாகத்தில் ஒதுக்கி, உங்கள் பாகத்தை மீதி நிலத்தில் தரும்படி கேட்டால் நீதிமன்றங்கள் பெரும்பாலும் இசையும், வாங்கியவரும் உங்களுக்கு எதிரியாக நிற்கமாட்டார். ஆனால் அவரும் வழக்கில் தரப்பினராக இருக்க வேண்டும். அவருடைய அனுபவம் பன்னிரண்டு ஆண்டுகளை 2028இல் தொடும். அதற்கு முன் நீங்கள் செயல்பட வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியவை

முதல் வேலை ஆவணங்கள். மூன்று சொத்துகளுக்கும் 1975 முதல் இன்றுவரை வில்லங்கச் சான்று போடுங்கள். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைப்பிரதித் தேடலுக்கு மனுக் கொடுத்து, 1952ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். அது தாத்தா பெயரில் மட்டும் இருக்கிறதா, பணம் எங்கிருந்து வந்ததாக எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பூர்வீக நிலத்தின் வருமானத்தில் வாங்கியது என்று அதில் ஒரு வரி இருந்துவிட்டால் மேட்டுக்காடு பற்றி நான் மேலே சொன்னது எல்லாம் மறு கணக்குக்கு உள்ளாகும். பட்டாவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அது உரிமைப் பத்திரம் ஆகாது. ஆனால் தந்தையின் வாரிசுச் சான்று உங்கள் பெயரோடு இருக்கிறதா என்று பாருங்கள். 2006இல் பட்டா மாறியபோது அதில் உங்கள் பெயர் விடப்பட்டிருக்கலாம்.

அடுத்து பேச்சுவார்த்தை. எல்லோரும் இசைந்தால் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமே சிறந்த வழி. குடும்பத்தினருக்குள் எழுதும் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. அத்தை மகன்கள் அந்தச் சலுகைக்கான ‘குடும்பம்’ என்ற வரையறைக்குள் வருவார்களா என்பதைப் பத்திரம் எழுதுமுன் சார்பதிவாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த முறை மட்டும் எந்தச் சமரசத்தையும் முத்திரைத்தாளில் எழுதிப் பெட்டியில் வைக்காதீர்கள்.

பேச்சு முறிந்தால் வழக்கு. மூன்று சொத்துகளையும் சேர்த்து ஒரே வழக்காகப் போட வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைக் கேட்டால் பகுதிப் பாகப்பிரிவினை என்ற ஆட்சேபம் வரும். கூட்டு அனுபவத்தில் இருப்பதாகச் சொன்னால் நீதிமன்றக் கட்டணம் சிறு நிலைத் தொகைதான். அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டதாகச் சொன்னால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் மூன்று சதவீதம். பலர் முதலாவதையே எழுதச் சொல்வார்கள். உண்மை எதுவோ அதை எழுதுங்கள், ஏனென்றால் காலாவதி பற்றிய உங்கள் வாதமும் அதையே சார்ந்திருக்கிறது. வழக்கு நிலுவையில் இருக்கையில் தம்பி மேலும் விற்காதபடி இடைக்காலத் தடை கேட்கலாம். தடை கிடைக்காவிட்டாலும் அப்போது வாங்குபவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்தான். முதனிலைத் தீர்ப்பாணை, பின் ஆணையர் அளந்து பிரிப்பது, இறுதித் தீர்ப்பாணை என்று இது பல ஆண்டுகள் போகும். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பெண் என்ற முறையில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் உங்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். வழக்குப் போடுவதற்கு முன்பே மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவும் அவர்களிடம் மனுக் கொடுக்கலாம்.

உங்கள் மகன் வழக்குப் போட முடியாது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை உங்கள் பங்கு உங்களுடையது. தாய்வழித் தாத்தாவின் சொத்தில் பேரனுக்குப் பிறப்புரிமை இல்லை. உங்களுக்கு நடமாட முடியவில்லை என்றால் அவருக்குப் பொது அதிகார ஆவணம் எழுதிக்கொடுத்து நடத்தச் சொல்லலாம்.

தாயாரைப் பற்றி: அவரிடம் தம் பங்கைத் தம்பிக்கே எழுதித் தரும்படி வற்புறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். மேட்டுக்காட்டில் 60 சென்ட், வயலில் 9.6 சென்ட், உயில் நிற்காவிட்டால் வீட்டில் ஐந்தில் ஒன்று, இவற்றோடு ஒவ்வொன்றிலும் இறந்த மகனின் பங்கிலிருந்து வரும் ஒரு பகுதி. இவை அவருடையவை. அவர் மனமுவந்து கொடுத்தால் நீங்கள் தடுக்க முடியாது. எதுவும் எழுதாமல் போனால் அவருடைய பிள்ளைகளுக்குச் சமமாகவும், இறந்த மகனின் பங்கு அந்தப் பேத்திக்கும் போகும். அவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிச் செல்லப்படுமுன், தமக்கு எவ்வளவு இருக்கிறது என்பதையாவது யாரேனும் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு காகிதத்தில் இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போய் நீங்களே படித்துக் காட்டுங்கள்.

தம்பிக்கு நோட்டீஸ் அனுப்பும் முன் லால்குடிக்கு ஒருமுறை போய் அத்தை மகன்களைப் பாருங்கள். 1981ஆம் ஆண்டுக் கணக்கு அவர்களுக்குத் தெரியாமலே இருக்கலாம். உங்கள் வழக்கறிஞரின் நோட்டீஸிலிருந்து அவர்கள் அதைத் தெரிந்துகொள்வதைவிட, மாமன் மகள் வாயால் கேட்பது நல்லது.